ஆட்டுக்கு டிக்கெட்

வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில் அது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. பேச்செல்லாம் கையால்தான். தண்ணீர் வேண்டும், இழை அறுந்துவிட்டது, ஆள் வருகிறார் என்று எல்லாவற்றுக்கும் ஒரு சைகை.

அந்தச் சைகைகளைக் கொண்டு கதை சொன்னவள் தமிழ்மதி. நெற்றியில் இரண்டு விரலை நிமிர்த்தினால் ஆடு. அந்த ஆடு பழனிக்குக் கிளம்பி, கண்டக்டரோடு சண்டை போட்டு, இப்போது மலைக்கு மேலே இழுத்துப்போகும் விஞ்ச் வாசலில் டிக்கெட் இல்லாமல் நிற்கிறது.

புது சூப்பர்வைசர் முத்துக்கிருஷ்ணன் அதைப் பார்த்துவிட்டார். வெளியே கூப்பிட்டு, "நாளையிலிருந்து நீ பேக்கிங்குக்குப் போயிரு" என்றார். பேக்கிங்கில் சுவரைப் பார்த்துத் தனியாக உட்கார வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மெஷின் ஆனந்தமேரி சொன்னாள்: "விடுடி. மிச்சக் கதைய இங்கன வாயால சொல்லு."

தமிழ்மதி சொல்லிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"ச்சீ, வாயில சொன்னா ஆடு செத்துப்போச்சுடி" என்றாள் ஆனந்தமேரி.

தமிழ்மதி டிபன் பாக்ஸை மூடிவிட்டு நேராக சூப்பர்வைசரிடம் போனாள்.

"சார், நான் பேக்கிங்குக்குப் போகலை."

"ஏம்மா, உன் கதையால மில்லுக்கு என்ன பிரயோஜனம்?"

"மில்லுக்கு ஒண்ணுமில்ல சார்."

அவர் சற்று இறங்கி வந்தார். "தூக்கம் வராம இருக்கத்தான்னு சொல்லு. மேனேஜர்ட்ட பேசிப் பாக்குறேன்."

"தூக்கத்துக்கு டீ இருக்கு சார்."

"பின்ன எதுக்குத்தான்?"

"ஷிப்ட் பூரா மெஷினுக்கு அறுந்ததை ஒட்டுறோம். எங்களுக்குள்ளயும் ஏதோ அறுந்துக்கிட்டேதான் இருக்கு. அதை ஒட்ட வேற வழி தெரியலை." அவள் மெஷின் பக்கம் கை காட்டினாள். "என் மெஷின்ல ஒரு இழை அறுந்து கிடந்தா, அப்ப அனுப்புங்க."

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அவர் அவள் பின்னாலேயே வந்து, மெஷின் வரிசையின் கோடியில் நின்றார். வரிசை முழுக்கத் தலைகள் குனிந்தன.

தமிழ்மதி முதலில் அறுந்த இழைகளை எல்லாம் ஒட்டி முடித்தாள். பிறகு நெற்றியில் இரண்டு விரலை நிமிர்த்தினாள். ஆடு வாசலுக்கு வந்தது. அங்கே டிக்கெட் பார்க்க ஒருவர் நின்றார்: தொப்பையைத் தள்ளிக்கொண்டு, காதில் பேனா செருகி.

மாஸ்க்குகளுக்கு மேலே கண்கள் எல்லாம் முத்துக்கிருஷ்ணன் பக்கம் திரும்பிச் சிரித்தன. அவர் கை தானாகக் காதுக்குப் போய்ப் பேனாவைத் தொட்டது.

தமிழ்மதி அவரையே நேராகப் பார்த்தாள். கையை விரித்துக் கேட்டாள்: ஆட்டை விடலாமா?

அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, பழக்கமில்லாத கையை மெல்லத் தூக்கி, மேலே போகட்டும் என்று காட்டினார்.