கொங்கிறீட்டுக்குள் ஒரு கல்

மகாலிங்கம் பாத்திரம் கழுவும் நிலக்கீழ் அறைக்கு யன்னல் இல்லை. பதினெட்டு வருடமாக அதற்குள் நிற்கிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டன. வீடு பாரிஸில், மார்க்ஸ் டோர்மோய் பக்கம், ஐந்தாம் மாடி, லிப்ட் கிடையாது. அவரும் மனைவி யசோதினியும் இதிலிருந்து வெளியேற ஒரே வழி, அவுஸ்திரேலியாவில் மெல்பேணுக்கு மேற்கே ஓர் ஓடைக்கரையில் தம்பி கரிகாலனோடு சேர்ந்து வாங்கிய ஒரு ஏக்கர் காணி. மூன்றாகப் பிரித்து, ஒன்றை விற்று, மற்ற இரண்டிலும் படியில்லாத வீடு கட்டுவதாகப் பேச்சு.

ஞாயிறு காலை கரிகாலன் அழைத்தான்.

"அண்ணை, கவுன்சில் எங்கடை பைலை நிப்பாட்டிப்போட்டுது. ஓடைக்கரையெண்டா பூர்வகுடி ஆக்கள் இருந்த இடமாயிருக்குமாம். அவையின்ரை சங்கத்திலையிருந்தும் ஆக்கள் வந்து, நிபுணரோடை கிண்டிப் பாத்து, திட்டம் எழுதின பிறகுதான் கட்டலாமாம்."

"பாக்கட்டுமன். அதுக்கென்ன?"

"ஏதும் கிடந்தா? வருசக்கணக்கா இழுக்கும். ஆனா முந்தியே மெஷின் விட்டு ஆழமாக் கிண்டின நிலமெண்டா அந்தத் திட்டம் தேவையில்லை. லீவிலை இஞ்சை வந்து நிண்டநேரம் வேலி போட்டது நீங்கள். மெஷினாலை கிண்டினதெண்டு ஒரு கடிதம் தாங்கோ."

"நான் ரெண்டு கையாலையும் அலவாங்கு பிடிச்செல்லோடா கிண்டினனான்."

"அலவாங்கெண்டு எழுதினா ஆர் மதிக்கிறது? சாகமுதல் ஒருக்கா மெஷின் ஓட்டினவராயிருங்கோவன். ஆருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிக்காதேங்கோ."

கடிதம் என்றால் செபஸ்டியன் மாஸ்டர்தான். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு மரக்கறிக்கடைக்கு மேலே அவருடைய அறை. ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கே அகதி வழக்குகளை எழுதுகிறவர். மகாலிங்கம் முதன்முதல் தானாகக் கொடுத்த வழக்கு நாலே வரி. நாலும் உண்மை. விவரம் போதாது, ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். இரண்டாம் தடவை மாஸ்டர் அவரை மூன்று நாள் இருத்திவைத்து, கதவு என்ன நிறம், எந்தப் பக்கம் நாய் குரைத்தது என்றெல்லாம் கேட்டு எழுதினார். விசா கிடைத்தது.

"என்னத்துக்குக் கடிதம்?" என்றார் மாஸ்டர்.

"காணியிலை மெஷின் விட்டுக் கிண்டினதெண்டு காட்ட."

"மெஷின் என்ன நிறம்?"

"மஞ்சளெண்டு போடுங்கோ."

"சும்மா கிண்டினனெண்டா ஒருத்தனும் நம்பான். மண்ணுக்கை என்ன வந்தது? அதைச் சொல்லும்."

மகாலிங்கம் சொன்னார். முழங்காலளவு ஆழத்தில் மண் கறுத்து வந்தது. வெந்து வெடித்த கற்கள். சிப்பித் துண்டுகள். அதற்குள் ஒரு கல், ஒரு பக்கம் கூர், மறுபக்கம் பெருவிரல் பதியச் சின்னக் குழி. கைக்கு அளவாக இருந்தது. வேலை செய்த யாரோ பிடித்த சாமான் என்று அவருடைய கைக்கு உடனே தெரிந்தது. அதனால்தான், வேறு யாரும் காணமுதல் மூடிவிட, அவசரமாகச் சீமெந்துப் பையைக் கிழித்தார்; அதை மட்டும் மாஸ்டருக்குச் சொல்லவில்லை.

மாஸ்டர் மேசையில் தட்டினார். "இது, இதுதான் கேஸ்! இதைக் கற்பனையிலை ஒருத்தன் சொல்லேலாது."

வாசித்துக் காட்டியபோது, கல்லைச் சொன்னது பிழையோ என்று மகாலிங்கத்துக்கு உறுத்தியது. ஆனால் விவரமில்லாத கடிதம் ஒரு மனிதனை என்ன பாடுபடுத்தும் என்று அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்துக் கரிகாலன் அழைத்தான். குரலை உயர்த்தாமல் பேசினான். அது கூடாத அறிகுறி.

"அனுப்பமுதல் நானும் வடிவா வாசிக்கேல்லை, என்ரை பிழைதான். அவங்கள் ஆகாயத்திலையிருந்து எடுத்த பழைய படமெல்லாம் எடுத்துப் பாத்திருக்கிறாங்கள். மெஷின் ஒண்டிலையும் இல்லை. கல்லு மட்டும் உங்கடை கடிதத்திலை இருக்கு. பூர்வகுடிச் சங்கத்திலை கேக்கினம், அந்தக் கல் எங்கையெண்டு."

மகாலிங்கம் போனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"ஏன் அண்ணை உண்மையைச் சொன்னனீங்கள்?"

"விவரமாச் சொன்னாத்தான் நம்புவாங்களெண்டு..."

"நம்பிட்டாங்கள்! கல்லெண்டு ஒண்டும் இல்லை, நினைவு பிசகிச் சொல்லிட்டனெண்டு இண்டைக்கே இன்னொரு கடிதம் தாங்கோ. இல்லையெண்டா இனி என்னோடை கதையாதேங்கோ."

மகாலிங்கம் மாஸ்டரிடம் போனார். இம்முறை, கடிதம் எதற்காக என்பது தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மடையா, இதை முதலே சொல்லியிருந்தா அந்தக் கல்லை எழுதியிருப்பனே? சரி, மறுத்து எழுதுவம். கல் இப்ப எங்கை?"

"சீமெந்துப் பையைக் கிழிச்சாப்பிறகு அதை வேலித் தூண் குழிக்கை எறிஞ்சு, மேலை கொங்கிறீட்டை ஊத்தினன்."

"அப்ப நல்லது. ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே மாஸ்டர். முதல் கேஸிலை ஆதாரம் எங்கையெண்டு கேட்டாங்கள். என்னட்டை ஒரு சாமானும் இருக்கேல்லை. இந்தப் பூர்வகுடி ஆக்களிட்டை ஒண்டு இருந்தது. அதை நான்தான் மூடினனான். எந்தத் தூணெண்டு எழுதுங்கோ. மெஷின் பொய்யெண்டும் எழுதுங்கோ."

"எழுதினா வீடு?"

"தெரியும்."

"தம்பி?"

மகாலிங்கம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். கீழே கடைக்காரன் கத்தரிக்காய்ப் பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது. மாஸ்டர் பேனாவை எடுத்தார்.

"எத்தினையாந் தூண்?"

"ஓடைப் பக்கமிருந்து ஆறாவது. இல்லாட்டி ஏழாவது."

"ஒண்டைச் சொல்லும். சந்தேகமா எழுதினா நம்பமாட்டாங்கள்."

"ரெண்டையும் எழுதுங்கோ மாஸ்டர்," என்றார் மகாலிங்கம். "வடிவா ஞாபகமில்லை."