அரைப் பாலம் ஆறு கடந்த வரலாறு

உலகத்துப் பாலங்களெல்லாம் ஆற்றின்மேல் அசையாது கிடக்க, மாந்தரே அவற்றின்மேல் நடந்து அக்கரை சேர்வர். இந்நகரின் துணைப் பொறியாளர் படை சமைத்த பாலமோ, ஒரு மருத்துவமனையின் நோயாளர் அனைவரையும், அவர்தம் கட்டில்களையும், கறவைப் பசு ஒன்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, கம்பளிப்புழுப் போலத் தானே தவழ்ந்து பெருவெள்ளத்தைக் கடந்து கரையேறிற்று. கற்றறிந்த வாசகர் இதனை நம்பார் என்பது தெரிந்ததே. பசுவில் ஐயமிருப்பின் பசுவை வேண்டுமானால் விட்டுவிடலாம், பாலத்தை விட்டுக்கொடுப்பதற்கில்லை.

மழை ஓய்ந்த விடியற்பொழுது அது. செங்கற்சூளைகளின் புகைபோக்கிகள் இடுப்பளவு பனியில் மூழ்கி நிற்க, கல் பாவிய தெருக்களில் தேங்கிய நீர் கூரைகளையும் முகில்களையும் தலைகீழாய்க் காட்ட, கடைகளின் மரக்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கொட்டாவி விட்டுத் திறக்க, நகரின் ஓரமாய் ஓடும் ஆறு, மலைநாட்டு மழையையெல்லாம் ஒரே மிடறாய்க் குடித்துவிட்டு, வயிறு பொறாமல் உறுமிப் புரண்டுகொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு திட்டு; திட்டின்மேல் வெள்ளையடித்த மருத்துவமனை; அதனை நகரோடு தைத்துவைத்த ஒற்றை நூல்போல் ஒரு பழங்கற்பாலம்.

அக்கரை தெரியும்படி அமைந்த பழைய தானியக் கிடங்கின் வாயிலில் தையற்காரர் நின்றிருந்தார். வாரமெல்லாம் பிறர் சட்டைக்குக் கழுத்து வெட்டுபவர். ஞாயிறுதோறும் சீருடை பூண்டு துணைப் பொறியாளர் படைக்குத் தலைமை தாங்குபவர். அப்படையிலுள்ளோர் யாவரும் அத்தகையோரே. முடிதிருத்துபவர், ரொட்டிக்கடைக்காரர், கொல்லர், கணக்காசிரியர் எனத் தத்தம் தொழிலால் உண்டு வாழ்ந்து, நாட்டுக்கு நெருக்கடி நேர்ந்தால் பாலம் கட்டித் தரவென்று உறுதிமொழி எடுத்தவர்கள்.

படை தோன்றிய நாளில் அரசு அவர்களுக்கு ஒரு மிதவைப் பாலம் வழங்கிற்று. தட்டை வயிற்று மரப்படகுகளை வரிசையாய்ப் பிணைத்து, மேலே பலகை பாவினால் பாலம். அதில் பாதி வந்து சேர்ந்தது. மறுபாதி வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். ஆட்சிகள் மாறின; அமைச்சர்கள் மாறினர்; தலைவர்கள் பலர் நரைத்து ஓய்வெய்தினர்; மறுபாதி மட்டும் இன்னும் வழியிலேயே இருந்தது. காத்துக் காத்துக் கண் பூத்த முன்னோர், கிடங்கின் பின்புறப் புல்வெளியை ஆறென்று கருதிக்கொண்டு ஓர் உத்தி கண்டனர். பாதிப் பாலத்தை நீட்டி, அதன் வாலிலுள்ள படகைக் கழற்றி, பக்கவாட்டில் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய்த் தலையில் பூட்டுவது. மீண்டும் வாலைக் கழற்றுவது. மீண்டும் தலையில் பூட்டுவது. இவ்வாறு ஞாயிறுதோறும் பாலம் புல்வெளியில் தவழ்ந்தது. ஆடுகள் மேய்ச்சலை நிறுத்தி வேடிக்கை பார்த்தன. நாளடைவில் அவற்றுக்கே அந்தப் பயிற்சி மனப்பாடம் ஆயிற்று என்பர்.

போர்த்தொழிலே பிழைப்பாய்க் கொண்ட நிலைப்படையினர் இதைக் கண்டு விலா நோகச் சிரித்தனர். எல்லோரினும் உரக்கச் சிரித்தவர் தையற்காரரின் மைத்துனர். முகம் பார்த்து மீசை முறுக்கும் அளவுக்குக் காலணியை மெருகேற்றும் நிலைப்படை அதிகாரியாதலின், துணைப் படையினர் அவருக்கு இட்ட பெயர் கண்ணாடிக்காலர். ‘அரைப் பாலம் பாலமன்று, அது ஆறு கடவாது, ஆகவே இப்படையைக் கலைக்கலாம்’ என்று மேலிடத்துக்கு எழுதியவரும் அவரே. அவ்வாறே ஆணை பிறந்தது. அன்று காலை, பாலத்தை ஏற்றிச் செல்லச் சுமையுந்துகளோடு அவரே வந்திறங்கினார்.

முதற்படகைத் தூக்கும் வேளையில், மலை முறிந்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது. எல்லோரும் திரும்பினர். பழங்கற்பாலம் நடுவில் மண்டியிட்டு ஆற்றுக்குள் அமிழ்ந்தது. திட்டின்மேல் மருத்துவமனையின் கீழ்ப்படிகளை வெள்ளம் நக்கத் தொடங்கிற்று. அங்கேதான் தையற்காரரின் மனைவி, கண்ணாடிக்காலரின் உடன்பிறந்தாள், செவிலியாய்ப் பணியில் இருந்தாள்.

“பாலத்த இறக்குங்கப்பா,” என்றார் தையற்காரர்.

“மாப்பிள்ள, ஆணை ஆணைதான். ஒரு ஆணியத் தொடக்கூடாது,” என்று குறுக்கே நின்றார் கண்ணாடிக்காலர். அவர் முகமும் வெளுத்தே இருந்தது. “நாளைக்குக் காலைல எங்காளுங்க முழுப் பாலத்தோட வந்துடுவாங்க.”

“நாளைக்கு வரைக்கும் தண்ணி வாசப்படியிலயே நிக்குமா மச்சான்? உள்ள போயி கட்டில்ல படுத்துக்கும். அங்க இருக்கறது உங்க தங்கச்சி.”

“தெரியாமலா நிக்கறேன்? பாதிப் பாலத்த வெச்சு என்ன கிழிப்பே? பாதி ஆறு தாண்டி, மீதிக்குக் குதிப்பியா?”

“குதிக்க மாட்டோம், தவழுவோம்,” என்றார் ரொட்டிக்கடைக்காரர், ஏற்கெனவே பலகையைத் தோளில் ஏற்றியபடி.

“உங்க எல்லாரையும் பூட்டிடுவாங்க!”

“பூட்டட்டும். பூட்டுலயும் பாதிதான் அனுப்புவாங்க,” என்றார் தையற்காரர். “மச்சான், படையக் கலைக்கணும்னா பொழுது சாஞ்சப்புறம் கலைச்சுக்குங்க. அதுவரைக்கும் இது எங்க பாலம். எங்கள மறிக்கணும்னா அந்த ஆத்தக் கேட்டுட்டு வந்து மறிங்க.”

முடிதிருத்துபவர் மெல்லிய கயிற்றைப் பல்லில் கவ்வி வெள்ளத்தில் பாய்ந்தார். ஆறு அவரை இருமுறை விழுங்கி இருமுறையும் உமிழ்ந்தது; அவருடைய தலையெண்ணெயின் நாற்றம் பொறாமல் உமிழ்ந்ததென்பது கொல்லரின் துணிபு. மெல்லிய கயிற்றின் பின்னே பெருவடம் சென்று மருத்துவமனைத் தூணைத் தழுவிக்கொண்டது. தனிப்படகாயின் அவ்வெள்ளம் உமியென ஊதித் தள்ளியிருக்கும். ஒன்றன் இடுப்பை ஒன்று பற்றி, வடத்தையும் பற்றி, பாதிப் பாலம் ஆற்றில் இறங்கிற்று. “இறங்குங்கடா! இறங்குங்க எல்லாரும்!” என்று கூவியவாறு அதன்மேல் ஓடி ஏறிய கண்ணாடிக்காலர் திரும்பிப் பார்க்கையில், கரை அவரை விட்டு நெடுந்தொலைவு போயிருந்தது. வாற்படகு கழன்றது. பக்கவாட்டில் அது அவரருகே வந்தபோது, “மச்சான், புடிங்க! விட்டா போச்சு!” என்ற குரல் கேட்டது. அவர் பிடித்தார். அதன்பின் வந்த ஒவ்வொரு படகையும் வைதுகொண்டே பிடித்தார். ஆறு நாணும்படி வைதார்.

இவ்வாறு தவழ்ந்து திட்டை அடைந்ததும் நோயாளர் கட்டிலோடு ஏற்றப்பட்டனர். திரும்பவேண்டிய வேளையில்தான் அப்படைக்கன்றி வேறெப்படைக்கும் நேராத இடர் ஒன்று நேர்ந்தது. புல்வெளியில் அவர்கள் ஒரே திசையிலேயே தவழ்ந்து பழகியவர்கள். எல்லை சேர்ந்ததும் பாலத்தைத் தோளில் சுமந்து வீடு திரும்புவதே வழக்கம். பின்னோக்கித் தவழ ஒருவருக்கும் தெரியவில்லை. கழற்றத் தெரிந்தோர் நகர்ப்புற முனையிலும், பூட்டத் தெரிந்தோர் திட்டுப்புற முனையிலும் நின்று ஒருவரையொருவர் நோக்கித் திகைத்தனர். பாலத்தையே ஆற்றில் வட்டமாய்த் திருப்பிவிடலாமெனக் கணக்காசிரியர் விரல்விட்டுக் கணக்கிடத் தொடங்கினார். முழங்காலளவு நீரில் நோயாளி ஒருத்தியின் கைக்குழந்தையோடு வந்த செவிலி, இதனைச் சற்றே கேட்டாள்.

“ஏங்க, பாலத்துக்கா தலையும் வாலும் இருக்கு? நீங்க வெச்ச பேருதானே? இந்த மொனைக்காரங்க அந்த மொனைக்குப் போங்க, அந்த மொனைக்காரங்க இங்க வாங்க. இதுக்குப் போயி மாநாடா?” பின்பு தமையனை நோக்கினாள். “அண்ணே, நீங்க நடுவுலதானே? அப்படியே நில்லுங்க.”

ஆடவர் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இடம் மாறினர். பாலம் திரும்பித் தவழ்ந்தது. நடு ஆற்றில் வேரோடு வந்த மரமொன்று மோத, பக்கவாட்டில் சென்ற படகு திமிறிப் பிறைபோல் வளைந்தது. அதைப் பற்றிய கைகளில் இரண்டு கண்ணாடிக்காலருடையவை. தோல் உரிந்தது, கை விடவில்லை. “பாழாப்போன பாதி! போகாதே!” என்று அவர் அதட்ட, படகு அஞ்சித் திரும்பிற்று.

நகர்க்கரையில் நிலைப்படையின் பெருந்தலைவர் தம் ஊர்தியோடு காத்திருந்தார். நோயாளர் இறங்கினர். படையினர் வரிசையில் நின்றனர். ஒருவர் தலையும் குனியவில்லை.

“மிதவைகள எடுக்க உங்களுக்கு யாரு அனுமதி குடுத்தது?” என்றார் பெருந்தலைவர்.

“ஆறு குடுத்துச்சுங்க ஐயா,” என்றார் தையற்காரர்.

பெருந்தலைவர் கண்ணாடிக்காலரைத் தனியே அழைத்தார். அரைப் பாலம் ஆறு கடவாதென்று எழுதிய கை அவருடையது. அவர் சொல்லையன்றி மேலிடம் வேறொருவர் சொல்லை ஏற்காது. படகுகளில் அங்குமிங்குமாய் ஆட்களை ஏற்றி வந்தார்கள் என்று ஒரு சொல் சொன்னால் அவர் பதவி நிலைக்கும், படை கலையும். உண்மையைச் சொன்னால் படை நிலைக்கும், அவர் எழுத்து பொய்க்கும். கரையில் தங்கை குழந்தையைத் தோளில் சாய்த்தபடி அவரையே பார்த்து நின்றாள். செருக்குற்றோர் சிரிப்பை ஆற்றைக்கொண்டு கழுவலாம். அவர் வாயிலிருந்து உண்மையை வருவிக்க ஆற்றாலும் ஆகாது, அவர் நெஞ்சாலன்றி.

“பாதிப் பாலம். கட்டிலோட நோயாளிங்க. போதாக்குறைக்கு ஒரு பசு. இத நான் நம்பணுமா?” என்று வினவினார் பெருந்தலைவர்.

கண்ணாடிக்காலர் உரிந்த உள்ளங்கைகளை மறைக்கவில்லை. ஒரு காலில் மட்டுமே காலணி இருந்தது, அதிலும் சேறு.

“நான் எழுதினது தப்புங்க ஐயா. பாதிப் பாலம் ஆத்தத் தாண்டுச்சு. போகவும் தாண்டுச்சு, வரவும் தாண்டுச்சு. நடுவுல நின்னு புடிச்சது நான். பசுவும் உண்மைதான். என் இன்னொரு பூட்ஸ ஆத்துல மிதிச்சுத் தள்ளுனதே அதுதான்.”