கணக்கில் வராத இரண்டு எலிகள்

அண்ணன் எடுத்த வாந்தி காப்பிப்பொடியைக் கரைத்த மாதிரி இருந்தது என்று அண்ணி போனில் அழுதபோது, நான் ஆய்வுக்கூடத்தில் ஓர் எலியின் இரைப்பையைக் கீறி, அட்டையில் ஊசி குத்தி விரித்துக்கொண்டிருந்தேன். உள்சுவரில் எத்தனை புண் என்று எண்ணிக் குறிப்பதுதான் என் ஆராய்ச்சி. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று புரிந்தது; அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அண்ணன் டைல்ஸ் பதிப்பவர். இருபது வருடம் மண்டி போட்டுச் சம்பாதித்து என்னைப் படிக்கவைத்தவர். வலி மாத்திரை போடாமல் காலையில் அவரால் எழுந்து நிற்க முடியாது. மாத்திரையோ வயிற்றை அரித்தது. ஆறு மாதத்துக்கு முன் சாப்பிடும்போது அவரிடம் பெருமையாகச் சொன்னேன்:

"ஒரு இலைச்சாறு கொடுத்துட்டு, அப்புறமா வலி மாத்திரைய எலிக்குக் கொடுத்தோம்ணே. வயித்துல ஒரு புண்ணு இல்ல."

"எந்த இலை?"

"நம்ம வேலியில மண்டிக் கிடக்கே, அதான்."

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சாறு குடித்த எட்டு எலிகளில் இரண்டுக்கு வயிறெல்லாம் ரத்தம் கசிந்திருந்தது. சாறு சரியாக உள்ளே போயிருக்காது என்று நானே முடிவு கட்டி, பேராசிரியரிடம்கூடக் கேட்காமல் இரண்டையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். மிச்ச ஆறும் அழகாக ஒத்துப்போயின; அதை வைத்துக் கட்டுரையும் வெளியாகிவிட்டது.

மருத்துவமனை வராந்தாவில் அண்ணி சொன்னாள்: "தெனம் அரைச்சுக் குடிச்சாரு. தங்கச்சியே சொல்லிருச்சு, இனி என் வயிறு இரும்புடின்னு, ஒரு மாத்திரை போடுற எடத்துல மூணு போட்டாரு."

அவள் குரலில் குறையே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் படத்தைக் காட்டினார். பழக்கதோஷம், என் கண் எண்ணத் தொடங்கியது. ஐந்து கீறல், ஒரு பள்ளம்.

"கண்டம் தாண்டிட்டாரு. யாரு பேச்சக் கேட்டு இப்படிப் பண்ணாரு?"

"அவராத்தான் சார்," என்றாள் அண்ணி, என்னைப் பார்க்காமல். நான் படத்திலேயே கண்ணை வைத்திருந்தேன்.

இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் பேராசிரியர் அறைக்குப் போய் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "கட்டுரைய திரும்ப வாங்கிடலாம். எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய்யணும். ஒரு வருஷம் போயிடும்மா," என்றார். திட்டியிருக்கலாம்.

மாலையில் அண்ணன் கண் விழித்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "எலிக்கு ஒத்துக்கிட்டது எனக்கு ஒத்துக்கல பாரு. நான் அதைவிட மட்டம்."

"எட்டுல ரெண்டு எலிக்கு ஒத்துக்கலண்ணே. எனக்குத் தெரியும். நான்தான் எழுதல, உங்ககிட்டயும் சொல்லல."

சிரிப்பு நின்றது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே சொன்னார்: "தலைமாட்டத் தூக்கு. முதுகு வலிக்குது."

கட்டிலின் காலடியில் குனிந்து கைப்பிடியைச் சுழற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் முகம் விரலளவு விரலளவாக மேலே வந்தது, கண்கள் மூடியபடி. போதும் என்று அவர் சொல்லவில்லை. நான் சுழற்றிக்கொண்டே இருந்தேன்.