நூலகத்துக்கு ஒரு புத்தகம்

ஐஸ் பெட்டியை வைக்கக் கூடத்தில் இடம் போதவில்லை. மேசையை இரண்டு பேர் தூக்கப் போக, "அப்படியே தூக்காதீங்க, சரிஞ்சுரும்" என்று சசிகலா முன்னால் வந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டாள். எல்லாம் புள்ளியியல். அவளும் கலைச்செல்வனும் அரியலூரில் ஒரே கல்லூரியில், ஒரே துறையில் பாடம் எடுத்தவர்கள். கல்யாணத்துக்கு முன்பும் புத்தகத்தைப் பற்றித்தான் சண்டை, பின்பும் அதேதான்.

கடைசிச் சண்டை முடியாமலே கிடந்தது. எம்.எஸ்சி. மாணவர்களுக்காக நூலகத்துக்கு ஒரே ஒரு புத்தகம் வாங்க அனுமதி வந்திருந்தது. நிரூபணங்கள் நிறைந்த தடித்த புத்தகம்தான் வேண்டும் என்றான் அவன். கணக்குகளைப் போட்டுக் காட்டிப் படிப்படியாகக் கொண்டுபோகும் இன்னொன்றுதான் என்றாள் அவள். சிறுநீரகம் பழுதாகி அவன் திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இருவரும் விடவில்லை. நேற்றுச் சாயங்காலம்தான், "சரி சசி, நீ சொல்றதையே வாங்கு" என்றான்.

"இப்ப ஒத்துக்காதீங்க. வூட்டுக்கு வந்து, சண்டை போட்டுத் தோத்துட்டு ஒத்துக்குங்க."

அவன் சிரித்தான். விடிவதற்குள் போய்விட்டான்.

துறைத்தலைவர் சாமிதுரை மாலையை வைத்துவிட்டு அவளருகே தயங்கி நின்றார்.

"இப்ப கேக்கக் கூடாதும்மா. இன்னிக்குள்ள சொல்லலைன்னா இந்த வருசம் புத்தகமே கெடையாதுங்கறாங்க. கலை கேட்டதையே சொல்லிரட்டுமா? அவன் ஞாபகமா இருக்கும்."

மாமியார் கொளஞ்சியம்மாள் தலை நிமிர்ந்தாள். "எம் புள்ள ஆசப்பட்டதையே வாங்குங்க சார்."

சரி என்றுவிடுவது சுலபம். அவனே நேற்று விட்டுக்கொடுத்தான் என்று சொல்லி இருவர் வாயையும் அடைப்பதும் சுலபம். இரண்டையும் சசிகலா செய்யவில்லை.

"வேணாம் சார். அவரு போர்டுல நின்னு நடத்துனா அந்தப் புத்தகம் யாருக்கும் புரிஞ்சிரும். இனிமே யாரு நடத்துவா? தனியா உக்காந்து படிக்கிற பிள்ளைக்கு மத்ததுதான் தொணை. அதையே சொல்லுங்க."

பிறகு மாமியாரிடம் திரும்பினாள். "அவரோட புத்தகம் நம்ம வூட்ல இருக்குங்க அத்தை. வேணுங்கறவங்க வந்து எடுத்துப் படிக்கட்டும்."

சாமிதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொளஞ்சியம்மாள் மருமகளின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் வந்து இறங்கிய மாணவிகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றார்கள். சசிகலா சற்று நகர்ந்து, பாயில் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.