காய்ச்சல் என்று சொன்னாள்

சந்துரு இறந்து இரண்டரை மாதம் கழித்து அந்தப் போன் வந்தது. புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கும் அவர்களுடைய அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கும் விஜயநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலு நாள் தங்கியிருக்கும் கோடை முகாம். பழைய பட்டியலில் சந்துருவின் பெயரும் அவன் அக்கா அஷ்வினியின் பெயரும் இருந்தன. அப்பா முனிராஜ், அனுப்புகிறேன் என்றார். யாரை என்று சொல்லவில்லை.

அம்மா சரசு பையில் இரண்டு துண்டு வைத்தாள். பிறகு ஒன்றை வெளியே எடுத்துவிட்டாள்.

டைல்ஸ் வேலைக்குப் போகிற வழியில் முனிராஜ் மகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார். பெயர் பதிகிற மேசையில் இருந்த நிர்மலா இரண்டு பேட்ஜ்களை எடுத்து நீட்டி, தம்பி எங்கே என்று கேட்டாள்.

"காய்ச்சல். ரத்தத்துல கவுண்ட் குறைஞ்சிருக்கு. சரியானதும் வருவான்" என்றாள் அஷ்வினி.

இரண்டு வருஷமாகப் பள்ளியிலும் தெருவிலும் சொல்லி வந்த பதில். அதுவாக வந்துவிட்டது. வந்தபின் மாற்றத் தோன்றவில்லை.

அதன்பின் யார் கேட்டாலும் அதையே சொன்னாள். பலூன் உடைத்தாள், பிசிபேளாபாத் சாப்பிட்டாள், மற்றவர்கள் சிரித்தபோது சிரித்தாள். எதுவும் மனதுக்குள் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் சந்துருவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த தீபாவும் வந்திருந்தாள். எட்டு வயது. முதல் நாளிலிருந்தே அஷ்வினியை ஒட்டியே உட்கார்ந்தாள். சந்துருவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், வர முடியாத பிள்ளைகளுக்கு எல்லாரும் வாழ்த்து அட்டை வரைந்தார்கள். சந்துருவுக்கும் ஒன்று. சீக்கிரம் குணமாகு என்று கன்னடத்தில் எழுதி, கீழே இருபது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தீபா மட்டும் போடவில்லை.

குழாயடியில் பெயின்ட் கையைக் கழுவும்போது அஷ்வினி சொன்னாள்.

"தீபா, சந்துரு இல்ல."

"தெரியும்க்கா. அன்னிக்கு நான் தூங்கற மாதிரி படுத்திருந்தேன்."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

தீபா நகத்திலிருந்த பச்சையைச் சுரண்டினாள். "நீங்க வருவான்னு சொல்றப்ப, எனக்கும் வருவான்னு இருந்துச்சு."

அஷ்வினி குழாயை மூடினாள். நேராக நிர்மலாவிடம் போய் உள்ளதைச் சொன்னாள். நிர்மலாவுக்குக் கண் நிறைந்தது, அஷ்வினிக்கு நிறையவில்லை. வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டதற்கு, நாளை வரைக்கும் இருக்கிறேன் என்றாள். இருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் சரசு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். யார் யார் வந்தார்கள் என்று கேட்டாள். சந்துரு போன பிறகு அவள் மகளிடம் எதையும் விசாரித்ததில்லை.

"பக்கத்து பெட் தீபா வந்திருந்தா. முடி முளைச்சிருக்கும்மா."

"எவ்வளவு?"

அஷ்வினி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சமாக விலக்கிக் காட்டினாள். சரசு அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.