நாலாவது தேன்பெட்டி

எறும்பு ஏறாமலிருக்க எண்ணெய் ஊற்றி வைத்த நான்கு பால் டின்களும் இருந்தன. அவற்றில் கால் ஊன்றி நின்ற மரத்தாங்கியும் இருந்தது. தாங்கியின் மேலிருந்த தேன்பெட்டியைத்தான் காணோம்.

ஸ்டானிஸ்லாஸுக்குக் கோபம் வரவில்லை. மூன்று பெட்டிகளைத் திருடிய அர்ச்சுனன் மூன்று நாளாக லாக்கப்பில் இருக்கிறான். நாலாவதை எடுத்தது யார்?

முப்பத்தோரு வருடம் ரப்பர் தோட்டத்துக் கிராணியாக, கணக்கெழுதுபவராக இருந்தவர் அவர். வருகைப் பதிவேட்டில் அவர் பேர் எழுதினால்தான் அன்றைக்கு ஒருவன் வேலைக்கு வந்தவன். தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்ட பிறகு சிம்பாங் பூலாய் ஊரில் இரண்டு ஏக்கர் கிழட்டு ரப்பர் மரங்களை வாங்கி, அவற்றின் நிழலில் பன்னிரண்டு பெட்டிகள் வைத்தார். குருத்து ஞாயிறன்று சர்ச்சில் மந்திரித்த ஓலையைச் சிலுவையாகப் பின்னி, ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் ஆணியடித்திருந்தார். அந்தப் பெட்டியில் எவனும் கை வைக்க மாட்டான் என்று நம்பியிருந்தார்.

போன ஞாயிறு, இருட்டோடு முதல் பூசைக்குப் போய்த் திரும்பியபோது மூன்று பெட்டிகள் ஓலையோடு போயிருந்தன. பழைய தோட்டத்தில் மரம் ஏறிக் கூடு பிடித்தவன் அர்ச்சுனன் ஒருவன்தான். முனையிலிருக்கும் ஜஹாங்கீர் கடையில் அவன் பெயரைச் சொன்னார். ஜஹாங்கீர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"கண்ணால பாத்தீங்களா கிராணியாரே? இல்ல தேனீ வந்து காதுல சொல்லுச்சா?"

கடையில் ஆறு பேர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. "பாத்தேன். பூசையிலேருந்து வர்றப்ப. பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போனான்."

போலீசிலும் அதையே சொன்னார். மறுமுறை சொன்னபோது அர்ச்சுனனின் முதுகும் தோளில் பெட்டியும் நிஜமாகவே தெரிவது போலிருந்தது. கிராணி ஐயா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வேறு சாட்சி யாரும் கேட்கவில்லை.

இப்போது குனிந்து பார்த்தார். தாங்கியின் மேல் ஓலைச் சிலுவை மட்டும் கிடந்தது. ஆணியைப் பக்குவமாகப் பிடுங்கி, ஓலை கிழியாமல் எடுத்து, காற்றில் பறக்காதபடி மேலே ஒரு கூழாங்கல் வைத்திருந்தார்கள். மந்திரித்த ஓலையைத் தரையில் போடக்கூடாது என்று தெரிந்த கை. நம்ம ஆள் கை.

அதற்குள் முகத்தருகே ரீங்காரம். ஒன்று, பத்து, பிறகு நூறு. காலையில் இரை தேடப் போன தேனீக்கள் திரும்பி வந்து, பெட்டி இருந்த உயரத்தில் வெற்றிடத்தையே சுற்றிச் சுற்றித் தேடின. போன ஞாயிறு ஒரு தேனீகூடத் திரும்பவில்லை. பெட்டிகள் தூரம் போய்விட்டன. கூட்டைத் தூரமாக மாற்றினால் புது இடத்தைப் பழகிக்கொள்ளும். பக்கத்தில் மாற்றினால்தான் இப்படிப் பழைய இடத்துக்கே வரும்.

பெட்டி பக்கத்தில் இருக்கிறது.

ஓலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார். பக்கத்தில் வேறு வீடு இல்லை. அவர் வீடுதான். கோழிக்கூண்டைத் தாண்டி, விறகுக் கொட்டகையில், பழைய கைலி போர்த்திய ஒரு சதுரம் நின்றது. துணி ஓரத்தில் தேனீக்கள் ஊர்ந்தன.

பின்னால் மனைவி ரோசம்மா வந்து நின்றாள். காலையில் தேத்தண்ணி கொடுத்தபோது ஏன் முகத்தை முக்காட்டால் மறைத்திருந்தாள் என்று இப்போது தெரிந்தது. இடது கண் மூடிப் போயிருந்தது. இரண்டு கையும் முழங்கைவரை வீங்கியிருந்தன.

"நீயா?" என்றார்.

"நாந்தான்லா. அவன் உள்ள இருக்கறப்ப ஒரு பொட்டி காணாமப் போனா, அவன் திருடன் இல்லன்னு நீங்களே போய்ச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். இந்த ஈங்க காட்டிக் குடுத்துருச்சு."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"மூணு நாளாச் சொல்றேன். காதுல வாங்குனீங்களா?" அவள் கொட்டிய கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "பூசையிலேருந்து வர்றப்ப நானும் உங்க கூடத்தானே நடந்து வந்தேன்? என் கண்ணுல படாத ஆளு உங்க கண்ணுல மட்டும் எப்படிங்க பட்டான்?"

அவர் தன் நினைவுக்குள், தோளில் பெட்டியோடு போகும் முதுகைத் தேடினார். மரங்கள் தெரிந்தன. ஈரமான பாதை தெரிந்தது. முன்னால் குடையோடு நடந்த ரோசம்மா தெரிந்தாள். வேறு யாரும் இல்லை.

"முத்தம்மா நேத்து வந்தா," என்றாள். முத்தம்மா அர்ச்சுனனின் மனைவி. "வீட்டுக்குள்ள வரல. வாசப்படியில நின்னு, 'கிராணியாரு கண்ணால பாத்தேன்னு சொன்னா பாத்திருப்பாரு அக்கா, எம் புருசந்தான் எங்கிட்டப் பொய் சொல்றாரு போல'ன்னு அழுவுறா."

அவர் விறகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார். போலீசில் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஜஹாங்கீர் கடையில் காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருக்கலாம். முத்தம்மா புருசனைவிட அவரை நம்பியிருக்கிறாள்.

"ஊரு என்னா சொல்லும் ரோசம்மா? இந்த வயசுல, நம்ம குடும்பத்துல..."

அவள் உள்ளே போய், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து கொட்டகைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போனாள்.

வெகுநேரம் கழித்து அதைப் போட்டுக்கொண்டார். கழுத்துவரை பொத்தான் மாட்டினார். ஓலைச் சிலுவையைப் வெள்ளைச் சட்டையின் பைக்கு மாற்றினார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் பஸ் பிடிக்கப் பெரிய சாலைக்குப் போகும் பாதை வெற்றுத் தாங்கியைக் கடந்துதான் போகிறது. அங்கே வந்ததும் கால் நின்றுவிட்டது.

தேனீக்கள் இன்னும் போகவில்லை. களைத்தவை பலகையின் மேல் இறங்கி, பெட்டி நின்ற அந்தச் சதுரத்துக்குள் மட்டும், ஒன்றின் மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டிருந்தன. வளைவில் பத்து காஜா ஊருக்குப் போகும் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஒரு தேனீ பறந்து வந்து அவர் சட்டைப்பையின் ஓலை நுனியில் உட்கார்ந்தது. அதைத் தட்டிவிட உயர்ந்த கை பாதியிலேயே நின்றது.