மிஸ்டர் கொட்பிறி கட்டின வரி

இப்பத்தைய சனத்துக்கு எதைக் கண்டும் வாய் பிளக்கிற பழக்கமில்லை. மரியமலர் வீட்டுப் படலைக்கு முன்னால கிடக்கிற சீமெந்து நடைபாதையை ஒருத்தரும் போடேல்லை, அது தானாக வளர்ந்தது எண்டு சொன்னால், கையிலுள்ள போனைப் பார்த்தபடி "ஓகே அங்கிள்" எண்டிட்டுப் போகுதுகள்.

வளர்ந்தது 1997இல். ஒலிம்பிக் வருது, ஊரைத் திருத்தவேணும் எண்டு, பரமட்டாவுக்கு அங்கால இருந்த எங்கட சின்னக் கவுன்சில், காசுக்கு ஆள் தங்கிற வீடுகளுக்குக் கட்டில் வரி போட்டது; கட்டிலில ஆள் படுத்தால் வாசலுக்குப் பாதை வரும் எண்டும் சொன்னது. தலைக்கு ஒரு இரவுக்கு ஒரு டொலர், வீட்டாரின்ர உறவுக்காரருக்கு இல்லை. மன்னாரிலிருந்து வந்து ஆறு அறை வாடகைக்கு விட்டிருந்த மரியமலர், வரியைக் கேட்டுச் சந்தோசப்பட்ட ஒரே ஆள். அவவின்ர மனுசன் கொட்பிறிக்குப் பாரிசவாதம், சில்லுக்கதிரையிலதான் போக்குவரத்து. படலைக்கும் பஸ் தரிப்புக்கும் நடுவில நாற்பத்திநாலு அடி சேறு. மனுசன் பத்து மாசமாகச் சேர்ச்சில ஞாயிற்றுப் பூசை காணேல்லை.

முதல் வரி கட்டினவன் மதுரைப் பக்கத்துப் பாலகிருஷ்ணன். அவன் படுத்தெழும்பின காலை, படலைக்கு வெளியில ஒரு அடி சீமெந்து காய்ந்து கிடந்தது. மூன்று இரவு, மூன்று அடி. நாலாம் நாள் அவன் மரியமலரின்ர மீன்குழம்பைச் சாப்பிட்டிட்டு, "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" எண்டான். அதோட நடைபாதை நிண்டுது. "அன்ரி எண்டு கூப்பிட்ட வாயிட்ட வரி கேக்கிறதோ?" எண்டு அவவும் விட்டிட்டா. பிறகு வந்ததுகளெல்லாம் ரண்டாம் சோற்றுக்குள்ள மருமக்களாகிச்சுதுகள். வரி ஏன் வரேல்லையெண்டு கவுன்சிலால விசாரிக்க வந்த வெள்ளைக்காரனும் குழம்பு ருசி பார்த்தான். போகேக்க அவனும் "தாங்க்யூ, ஆன்ட்டி" எண்டான்.

கடைசியில கொட்பிறியே பென்சனில வரி கட்டி, பெட்டியோட முன்னறைக்கு வாடகைக்கு வந்தார். முதல் காலை ஒண்டும் வளரேல்லை. மரியமலர் வழக்கம்போல "இஞ்சருங்கோ, தேத்தண்ணி" எண்டு குடுத்ததுதான் பிழை. கலியாணம் முடிச்ச முப்பத்திரண்டு வருசத்தில அவரின்ர பேரை அவ வாயால சொன்னதில்லை. அடுத்த நாள் கண்ணை மூடிக்கொண்டு "மிஸ்டர் கொட்பிறி" எண்டா. விடிய ஒரு அடி.

"மிஸ்டர் கொட்பிறி, உப்புக் காணுமோ?"

"கொஞ்சம் கூடிப்போச்சு, மேடம்."

"வாடகைக்கு இருக்கிறவை வாய் காட்டக் கூடாது."

இப்பிடி நாற்பது இரவு, நாற்பது அடி. இன்னும் ஒரு அடிதான் மிச்சம். அண்டு பின்னேரம் மனுசன் கதிரையிலிருந்து சரிஞ்சுபோனார். குசினிக்குள்ளிருந்து மரியமலர் "ஐயோ, இஞ்சருங்கோ!" எண்டு குழறிக்கொண்டு ஓடிவந்தா. அவருக்கு ஒண்டுமில்லை, நிலத்தில கிடந்து சிரிச்சார். "ஒரு அடிக்காக இனி இந்த மனுசனை வேத்தாளாக்க என்னால ஏலாது" எண்டு சொல்லி, அவ பெட்டியைத் தங்கட பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனா.

ஒலிம்பிக் முடிய வரியையும் எடுத்துப்போட்டினம். நடைபாதை இண்டைக்கும் ஒரு அடி குறைவு. பஸ்காரர் ஒரு அடி முந்தி நிப்பாட்டுகினம். புது ட்றைவர் வந்தால் அவருக்கும் முதல்ல அதைத்தான் சொல்லிக் குடுக்கினம். கொட்பிறி ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போறார், வரேக்க ஹரிஸ் பார்க் இந்தியக் கடையில ஜிலேபியும் வாங்குறார்.

வளர்ந்ததைக் கண்ணால கண்டும், கட்டிலில ஆள் படுத்தால் பாதை வருமெண்டு நான் இண்டைக்கும் நம்பேல்லை. வரி கேக்கிறவன் சொன்னது எதையும் நம்பிப் பழக்கமில்லை. நேற்றும் மரியமலர் படலையில நிண்டு, "நடைபாதையால போங்கோவன் அண்ணை, சப்பாத்து சேறாகப்போகுது" எண்டா. நம்பாத பாதையில கால் வைக்கிறதோ எண்டு நான் சேத்துக்குள்ளாலயே நடந்து போட்டன்.